எழுந்து நின்றவரின் மனு

ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. இந்தக் கதைக்கு ஒரு கடல் போதும். அதன் இக்கரையில் உப்பங்கரை என்றொரு நாடு. வெயிலும் கருவாடும் அங்கே தாராளம். அக்கரையில் குளிர்மேடு என்றொரு நாடு. அங்கே பனி அதிகம், சட்டம் அதைவிட அதிகம். குளிர்மேட்டின் இளவட்டங்கள் எல்லாரும் சட்டம் எழுதப் போய்விட்டபடியால், அந்நாட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டவும் கஞ்சி ஊட்டவும் ஆளில்லாமல் போயிற்று. ஆகவே உப்பங்கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை வரவழைத்தார்கள். துறைமுகத்தில் 'வருக! வருக!' என்று பதினாறு முழத் துணி ஒன்று கட்டியிருந்தார்கள். 'தனியாக' என்ற சொல் மட்டும் சின்ன எழுத்தில், துணியின் மடிப்புக்குள் இருந்தது.

அப்படிப் போனவள் குமுதினி. இக்கரையிலேயே நின்றுவிட்டவர் அவளுடைய அப்பா பராங்குசம்.

பராங்குசம் உப்பங்கரை அரண்மனையில் நாற்பத்தோராண்டு கட்டியக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜாவோ, மந்திரியோ, கொசு ஒழிப்பு இலாகாவின் உதவித் துணை அதிகாரியோ, யார் சபைக்குள் கால் வைத்தாலும் விருட்டென்று எழுந்து, அவருடைய பட்டங்களை ஒன்றுவிடாமல் முழங்குவதுதான் அவர் வேலை. அந்தக் குரலால் மாடத்துப் புறாக்களுக்கு மூன்று தலைமுறையாகக் காது மந்தம். ஓய்வு பெற்றும் பழக்கம் ஓயவில்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும், அவருடைய இரண்டு முழங்கால்களும்தான். மூன்று பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

வாரம் ஒருமுறை அப்பாவும் மகளும் பேசும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள்.

"அப்பா, கண்ணாடியக் கொஞ்சம் கீழ இறக்குங்க. நெத்தி மட்டும்தான் தெரியுது."

"நெத்தி போதாதா? நாமம் நேராத்தானே இருக்கு?"

"நாமத்துக்குப் பக்கத்துல என்னப்பா நீலமா வீங்கியிருக்கு?"

கண்ணாடி சட்டென்று கூரையைக் காட்டியது.

"அப்பா! விழுந்தீங்களா?"

"விழலேம்மா. கிணத்தடியில கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பால்காரன் வர்ற வரைக்கும்."

குமுதினி சொன்னாள்: "இங்க ஒரு நாளைக்கு அம்பது பேரைத் தூக்கி உக்கார வெக்கிறேன். எங்க அப்பாவைத் தூக்கப் பால்காரன் வரணுமா? நீங்க இங்க வந்துடுங்கப்பா. நான் மனுப் போடறேன்."

மனுப் போடுவது என்றால் குளிர்மேட்டின் குடிநுழைவு மந்திரி மதிலழகரைக் கடக்கவேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் எல்லை மதிலை ஒரு முழம் உயர்த்துவதாக வாக்களித்தே நான்கு முறை வென்ற மகான் அவர். "முதியோரை நாம் மனமார வரவேற்கிறோம். அவர்கள் வருவதை மட்டுமே எதிர்க்கிறோம்!" என்று அவர் சபையில் முழங்கியபோது எழுந்த கைதட்டல் அடங்க மூன்று நாள் ஆயிற்று என்பார்கள். நான் குறைத்துச் சொல்கிறேன், நான்கு நாள்.

அவருடைய முதல் ஆணை இது: தன் நாட்டில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாத முதியவரே வரலாம். பராங்குசத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லைதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கனகவல்லி நாள்தோறும் மதில் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் ரசம் நீட்டுவாள். மனுவின் நாற்பத்திரண்டாம் கேள்வி, 'ரசம் வருகிறதா?' என்பதாக இருந்தது. வந்தால் அது பராமரிப்பு. ஆகவே இரு வீட்டுக்கும் தீராப் பகை என்று கனகவல்லி கையெழுத்திட்டுத் தரவேண்டியதாயிற்று.

"பகைன்னு எழுதித் தர்றேன் அண்ணே, நீங்க கேட்டா தராமலா? ஆனா ரசம் ஆறிடும், முதல்ல இதை வாங்கிக்குங்க."

பகைமைச் சான்றிதழில் ரசக்கறை இருந்தது. அதை முகர்ந்து பார்க்கக் குளிர்மேட்டில் ஒரு நிபுணர் இருந்தார். மனு திரும்பி வந்தது.

இரண்டாம் ஆணை: முதியவரால் தானாக உண்ணவோ, உடுக்கவோ, எழவோ, நடக்கவோ முடியக்கூடாது. இதை நிரூபிக்க அவர் தூதரகத்துக்கு நேரில் நடந்து வரவேண்டும். தூதரகம் இருநூற்றுப் பத்துப் படிகள் ஏறிப் போகும் குன்றின் உச்சியில் இருந்தது. ஏறி வந்தவர்களை, ஏற முடிகிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். ஏறாதவர்களை, வரவில்லையே என்று தள்ளுபடி செய்தார்கள். பராங்குசம் நான்கு ஆட்கள் தூக்கிய நாற்காலியில் போனார். 'தூக்க நான்கு பேர் இருக்கிறார்கள்' என்று குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆணை எல்லாவற்றையும் மிஞ்சியது. வைத்தியரின் சான்றிதழ் இருபத்தெட்டு நாள் செல்லும். மனுவின் முடிவுக்கு நானூறு நாள் ஆகும். அதுவரை முதியவர் தேறவும் கூடாது, மோசமாகவும் கூடாது, முக்கியமாக இறக்கவே கூடாது. இறந்தால் கட்டணம் திரும்பாது. மகள் வசதியானவள் என்றால் அங்கேயே ஆள் வைத்துக்கொள்ளட்டும். வசதியற்றவள் என்றால் இங்கே எப்படிச் சோறு போடுவாள்? இந்த வாதத்தின் அழகில் மயங்கிய சபை, அதைக் கல்லில் பொறிக்க உத்தரவிட்டது.

ஆனாலும் குமுதினி விடவில்லை. பகல் முழுக்கக் குளிர்மேட்டுக் கிழவர்களைத் தூக்குவாள். வேலை முடிந்ததும் தாள்களை நிரப்புவாள். அவள் தூக்கியவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பெருந்தளபதி. மதிலழகரைப் பெற்ற தகப்பனாரும் அவரேதான். "என் மகன் போட்ட சட்டமா? சின்ன வயசிலேயே அவன் வாசப்படியில குறுக்க உக்காந்து யாரையும் உள்ள விட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, அவள் ஊட்டிய கஞ்சியைக் குடிப்பார்.

கடைசியில் ஒருநாள், சோதனை அதிகாரி நுணுக்கனார் உப்பங்கரைக்கே வந்து பராங்குசத்தை வீட்டில் சோதிப்பதென்று முடிவாயிற்று. முந்தின நாள் கண்ணாடியில் மகள் பாடம் எடுத்தாள்.

"அப்பா, அவர் வரும்போது நீங்க கட்டில்லதான் இருக்கணும். எழுந்திருக்கக் கூடாது."

"எழுந்திருக்க முடிஞ்சா எதுக்கும்மா உன்னைத் தொந்தரவு பண்றேன்?"

"நடிக்கச் சொல்லலைப்பா. உங்களால முடியாததை முடியாதுன்னு சொல்லுங்க, அது போதும்."

"சத்தியமா அசைய மாட்டேன், போ."

அதிகாரி வந்தார். அவர் முகம் தெரியுமுன்பே பூட்ஸ் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

அந்த மூன்றாவது டக்கில், பராங்குசத்தின் நாற்பத்தோராண்டும் அவரைக் கட்டிலிலிருந்து நெம்பித் தூக்கியது. முழங்கால் இரண்டும் திகைத்துப்போயின. கை தானாக மார்புக்கு வந்தது.

"வருகிறார்! வருகிறார்! குளிர்மேட்டின் கண்ணும் காதுமானவர்! மதில் காத்த மாவீரர்! முத்திரைக் கோமான்! காகிதம் கண்டு கலங்காச் சிங்கம்! நுணுக்கனார் வருகிறார், பராக்!"

தெருக்கோடி நாய் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டது. நுணுக்கனார் பட்டங்கள் முழுவதும் முடியும்வரை வாசலிலேயே கண்ணை மூடி நின்று ரசித்தார். பிறகு கண்ணைத் திறந்து குறிப்பேட்டைத் திறந்தார்.

"எழுந்தார். உரக்க முழங்கினார். மூச்சு வாங்கவில்லை. தாங்கள் எங்கள் படையிலேயே சேரலாம், பெரியவரே."

அவர் போனதும் பராங்குசம் சரிந்து விழுந்தார். மூன்று நாள் கட்டிலைவிட்டு அசைய முடியவில்லை. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பதில் வந்தது: 'மனு தள்ளுபடி. உப்பங்கரையில் முதியோர் பராமரிப்பு மிகச் சிறப்பாகவும் மலிவாகவும் கிடைக்கிறது.' இந்த வாசகத்தை எல்லா மனுவிலும் கையால் எழுதி எழுத்தர்களுக்கு விரல் வீங்கியதால், ரப்பர் முத்திரையாகவே செய்து வைத்திருந்தார்கள்.

"அப்பா, எழுந்திருக்காதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள் குமுதினி, அழாத குரலில்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வருவான்னு நீ சொல்லலையேம்மா" என்றார் பராங்குசம். அன்று கண்ணாடியில் நெற்றிகூடத் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. குளிர்மேட்டில் யாரோ கோப்புகளைப் படித்துவிட்டார்கள். அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. நாலாயிரம் கோப்புகளிலும் அரசு முத்திரையோடு ஒரே உண்மை: உப்பங்கரையில் பராமரிப்பு சிறப்பு, மலிவு! அரசே சொல்லும்போது அது பொய்யாக இருக்க முடியுமா? அப்படியானால் நம் கிழவர்களுக்கு இங்கே எதற்குத் தண்டச் செலவு? நான்காம் ஆணை பிறந்தது: குளிர்மேட்டின் முதியோர் அனைவரும் உப்பங்கரைக்கு அனுப்பப்படுவர்.

"மந்திரி தன் தகப்பனாரை அனுப்புவாரா?" என்று எதிர்க்கட்சி கேட்டுத் தொலைத்தது. அவருக்கு எப்போதும் தேர்தல் நேரம்தான். மதிலழகர் மார்பை நிமிர்த்தி, "முதல் கப்பலில், முதல் ஆளாக!" என்றார். கப்பலில் கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டுமே; குமுதினியையும் ஏற்றினார்கள். போக மட்டும் சீட்டு.

கரையில் பராங்குசம் நாற்காலியில் காத்திருந்தார். கூட்டத்தில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது; பூட்ஸ் இல்லை. ஆனாலும் எழ முயன்றார். பாதிதான் முடிந்தது.

"வருகிறாள்... வருகிறாள்..." அதற்குமேல் பட்டம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

"உக்காருங்கப்பா" என்று சொல்லி, ஐம்பது பேரைத் தூக்கிய கையால் அவரைத் தூக்கி நேராக உட்கார வைத்தாள்.

பெருந்தளபதி பராங்குசத்தின் வீட்டிலேயே தங்கினார். இரண்டு கிழவர்களும் காலையிலிருந்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். தளபதிக்குப் புலிதான் வேண்டும், ஆட்டைத் தொடமாட்டார். கனகவல்லி இப்போது இரண்டு கிண்ணம் ரசம் நீட்டினாள். உடல் அப்படியேதான் இருந்தது, ஆனால் தளபதியின் வசைகளுக்கு உயிர் வந்துவிட்டது. குளிர்மேட்டில் அவர் திட்டினால் குறித்துக்கொள்வார்கள். இங்கே திருப்பித் திட்டினார்கள்.

இரண்டு வருஷம் போயிற்று. அக்கரையில் மதிலழகருக்கு எல்லாம் இருந்தது, 'டேய்' என்று கூப்பிட ஆள் மட்டும் இல்லை. மாளிகையில் எல்லாரும் அவரை எழுந்து நின்று வணங்கினார்கள். உட்கார்ந்தபடி திட்ட ஒருவரும் இல்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே மனுவை நிரப்பினார். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்பவர் அயலார் என்பது அவர் போட்ட விதிதான். ஆகவே அவருடைய அப்பாவும் இப்போது அயல்நாட்டு முதியவர். 'ரசம் வருகிறதா?' என்ற கேள்வியில் அவர் பேனா வெகுநேரம் நின்றது.

சோதனைக்கு அதே நுணுக்கனார், இரண்டு பதக்கம் கூடுதலாகக் குத்திக்கொண்டு வருவதாகத் தகவல் வந்தது. தளபதிக்குப் பாடம் எடுத்ததும் அதே குமுதினிதான்.

"பெத்த பிள்ளை கூப்பிடறார் ஐயா. நடிக்க வேணாம். எழுந்திருக்காம இருந்தாப் போதும்."

"எழுந்து ரெண்டு வருஷமாச்சு. போறதுன்னா போறேன்" என்றார் தளபதி, பலகையைப் பார்த்தபடி. ஆட்டம் பாதியில் இருந்தது. புலி மூன்று ஆட்டை வெட்டியிருந்தது.

"அப்பா, நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நான் ஏம்மா திறக்கப் போறேன்?" என்றார் பராங்குசம்.

டக், டக், டக்.

"வருகிறார்! வருகிறார்! மதில் காத்த மாவீரர்! முத்திரைக் கோமான்! இரட்டைப் பதக்க வேந்தர்..."

அரைநூற்றாண்டு கட்டியம் கேட்டு விறைத்து நின்ற உடம்பு பெருந்தளபதியுடையது. நாற்காலி பின்னால் சாய, அவர் நேராக எழுந்து சல்யூட் வைத்தார். ஐந்து நொடி தேக்குமரம்போல நின்றார். பிறகு குமுதினி பாய்ந்து பிடித்தாள்.

"எழுந்தார்" என்று எழுதினார் நுணுக்கனார். "வணங்கினார். நாற்காலியையும் தள்ளினார்."

அவர் போனதும் குமுதினி தன் அப்பாவைப் பார்த்தாள்.

"பழக்கதோஷம்மா" என்றார் பராங்குசம்.

"எனக்கும்" என்றார் தளபதி. "யார் ஆட்டம்? என் புலி எங்கய்யா?"

மந்திரிக்குப் பதில் போயிற்று, முத்திரையோடு. மேல்முறையீட்டைக் குடிநுழைவு மந்திரியிடம் மட்டுமே செய்யலாம் என்பது விதி. குறித்த நாளில் மதிலழகர் மனுதாரருக்கான ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பாவை நினைத்து உருக்கமாகப் பேசினார். எழுத்தருக்கே கண் கலங்கியது. பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், மந்திரியின் நாற்காலியில் அமர்ந்து, காலி ஸ்டூலை வெகுநேரம் பார்த்தார். வெளியே ஊர்வலச் சத்தம். தேர்தலுக்குப் பதினொரு நாள் இருந்தது.

"ஒருவருக்கு விலக்களித்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொல்லி, முத்திரையைக் குத்தினார்.

மறுநாளே சுவரெல்லாம் சுவரொட்டி: 'பெற்ற தகப்பனையே உள்ளே விடாத பெருமகன்!' இதுவரை காணாத வித்தியாசத்தில் ஐந்தாம் முறையும் வென்றார்.

வெற்றிச் செய்தி வந்த வாரம், உப்பங்கரை வீட்டில் பேசும் கண்ணாடி ஒளிர்ந்தது. தளபதி ஆட்டத்திலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டேய், கண்ணாடியக் கீழ இறக்குடா. நெத்தி மட்டும்தான் தெரியுது."

மந்திரி கண்ணாடியை இறக்கவில்லை.