பாலத்தில் நின்று விசாரித்தவர்கள்

மன்னார்.

பாசமுள்ள மகன் றெனால்டுக்கு, அப்பா யாகப்பர் எழுதுவது.

நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் இந்த முறைக்குக் கட்டுப்படவில்லை. நீ நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். கையில் தொலைபேசி இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் அழைப்பு வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள். நீ தும்மினாலும் முன்வீட்டில் இருந்து சுகம் விசாரிப்பார்கள். அவளைப் பொறுத்தவரை நீ ஒஸ்லோவில் ஒரு கந்தோரில், சூடாக்கிய அறையில், கதிரையில் இருக்கிறாய். நீ தீயணைப்புப் படையில் இருப்பதும், மலையைக் குடைந்து போட்ட சுரங்கத் தெருவில் வாகனம் எரிந்தால், எல்லாரும் வெளியே ஓடிவருகிற வழியால் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு உள்ளே போவதும் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த இரகசியத்தைக் காத்துக் காத்தே எனக்குப் பிறஷர் கூடிவிட்டது.

நீ யோசனை கேட்டிருந்தாய். கட்டுப்பாட்டு அறையில் கதிரையில் இருந்து செய்கிற வேலை ஒன்று வந்திருக்கிறது, அதை எடுக்கவா, சுரங்கக் குழுவிலேயே இருக்கவா, மாத முடிவுக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்று. என் பதில் இதுதான்: கதிரையை எடு. அம்மாவிடம் நான் சொல்லிவரும் பொய்யும் உண்மையாகிவிடும், பாவசங்கீர்த்தனத்தில் ஒன்று குறையும். இதைப் பகிடியாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. போன கிழமை பாலத்தில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அரிசி வாங்க அடம்பனுக்குப் போய், பழைய காரில் தனியே திரும்பிக்கொண்டிருந்தேன். தீவுக்குள் வர இருப்பது அந்த ஒரே தெரு, இரண்டு பக்கமும் கடல். பாலத்து நடுவழியில், பழுதாகி நின்ற லொறி ஒன்றின் பின்பக்கத்தில் ரொபின்சனுடைய வான் செருகிக் கிடந்தது. கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பானே, அந்த ரொபின்சன். கால் இரண்டும் உள்ளே மாட்டுப்பட்டிருந்தன. கதவைப் பிடித்து எத்தனையோ பேர் இழுத்தோம், ஆள் அசையவில்லை. முன்பக்கத்தில் புகை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, குசினி அடுப்புப் புகை அளவுதான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பாலத்தில் ஒரு வாகனம் நின்றால், இறங்கி என்ன கரைச்சல் என்று விசாரிக்காமல் கடந்து போக முடியாது. விசாரிக்காமல் போனவனின் பெயர் அடுத்த திருநாள் வரைக்கும் அடிபடும். பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதுகூட, பாலத்தில் நிற்காமல் போன ஆட்கள் என்று எடுத்துச் சொல்வார்கள். ஆகவே எல்லாரும் நின்றார்கள். உயிலங்குளத்தில் இருந்து வந்த கலியாண வான் நின்றது, பஸ் நின்றது, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் நின்றது. தீவுப் பக்கத்தால் வந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை விசாரிக்க நின்றார்கள். தீயணைப்பு வாகனம், சும்மா சொல்லக்கூடாது, உடனே வந்தது. வந்து, எங்கள் மரியாதைக்குப் பின்னால் நின்று ஊளையிட்டது. பின்னுக்கு எடுக்க இடமில்லை, திருப்ப இடமில்லை, ஓரங்கட்டினால் கடல்.

எனக்கு நீ முன்பொருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. சுரங்கத்தில் தீ என்றால் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, நடுவில் வழி விட்டு, திறப்பைச் சாவித்துவாரத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும், அப்போதுதான் படைக்காரர் தேவைப்பட்டால் வாகனத்தை அசைக்கலாம் என்று. நான் ஓய்வுபெற்ற வாத்தியார் அல்லவா, பாலத்து ஓரக் கட்டின் மேல் ஏறி நின்று எல்லாருக்கும் அதை விளங்கப்படுத்தினேன். கலியாண வான் சாரதி மிகவும் பணிவாகச் சொன்னான்:

“மாஸ்டர், நடுவில நிக்கிறது உங்கட கார்தான்.”

ஓடிப் போனேன். நீ சொன்னபடியே திறப்பை உள்ளேதான் விட்டிருந்தேன். ஆனால் அரிசி மூட்டை இருக்கிறதே என்று இறங்கும்போது உள்பூட்டை அமுக்கிக் கதவையும் பூட்டிவிட்டேன். கண்ணாடிக்குள்ளால் திறப்பு தெரிகிறது, எடுக்க முடியவில்லை. கண்ணாடியை உடைக்க ஒரு கல் தேடினால் பாலத்தில் கல் இல்லை. நெருப்பை அணைக்க இரண்டு பக்கமும் கடல் இருக்கிறது, ஒருவரிடமும் வாளி இல்லை. கடைசியில் மீன் லொறி மில்ரன் தன் பெட்டிகளை உடைத்து, ஐஸை அள்ளி அள்ளி வானின் முன்பக்கத்தில் கொட்டினான். அவசரத்தில் பாரை மீனும் சேர்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் புகை அடங்கியது. கலியாண வீட்டுக்காரர் சிலர் கையும் தட்டினார்கள். பிறகு கீழால் நெருப்புப் பிடித்துக்கொண்டது.

நான் ரொபின்சன் பக்கத்து யன்னலடியில் நின்றேன். அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

“மாஸ்டர், வாகனம் வருகுதோ?”

“வருகுது தம்பி. அந்தா, சத்தம் கேக்குதெல்லோ.”

சத்தம் கேட்டது உண்மை. வாகனம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மில்ரன் என்னை இடுப்பில் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டான். படைக்காரர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாகனங்களுக்கு மேலால் ஏறி ஓடி வந்தார்கள். வந்தபோது அணைக்க நெருப்புத்தான் இருந்தது, ரொபின்சன் இல்லை. அவர்கள் எங்களை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலத்து ஓரக் கட்டின் மேல் இருந்து அழுதான். உன் வயதுதான் இருக்கும்.

மகனே, அவனைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நீ நெருப்பில் போய்விடுவாய் என்பது ஒரு பயம். போய்ச் சேர்ந்தும் பிந்திவிட்டு, அப்படி ஒரு கட்டின் மேல் தனியே இருந்து அழுவாய் என்பது அதைவிடப் பெரிய பயம். இங்கே ஆட்கள் நல்லவர்கள், நல்லவர்களாக இருந்தே அடைத்துவிட்டார்கள். அங்கேயும் ஆட்கள்தானே இருக்கிறார்கள். ஆகவே கதிரையை எடு. அப்பா சொல்வதை ஒருமுறையாவது கேள்.

அம்மாவின் முத்தங்களும் என் ஆசீரும். மிக்கேல் சம்மனசானவர் உன் வாசற்படியில் காவல் நிற்பாராக. கம்பளிக் காலுறை போடு.

அன்புடன்,
அப்பா

பி.கு: உறையை ஒட்டி வைத்துவிட்டு ரொபின்சனின் ஏழாம் நாள் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து அவன் மனைவி றஞ்சினி என்னைத் தேடி வந்தாள். கடைசியில் பக்கத்தில் நின்றது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது சொன்னவரோ என்று கேட்டாள். வாகனம் வருகிறதா என்று கேட்டான், வருகிறது என்று சொன்னேன் என்றேன்.

“நம்பினவரோ?”

“ஓம் பிள்ளை.”

“அது காணும், மாஸ்டர்.”

அவளுக்கு அது போதும். எனக்குக் காணாது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். அங்கே சுரங்கத்துக்குள் ஒருவன் மாட்டுப்பட்டுக் கிடந்து கேட்பான். பக்கத்தில் என்னைப் போல் ஒரு கிழவன் நின்று, வருகிறார்கள் என்று சொல்வான். அந்தக் கிழவன் பொய்யனாகக் கூடாது. கதிரையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். நீ போ. அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு நான் எங்கே போவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.