பெயர் வைக்க மறுத்த லம்டா மாஸ்டர்

கம்பியூட்டரைக் கண்ணால் காணாமலே அதற்கு மூச்சு முட்ட வேலை கொடுத்த மனிதர், இலங்கை மலைநாட்டிலேயே எங்கள் லம்டா மாஸ்டர் ஒருவர்தான். அறுபதுகளின் நடுவில் ஹட்டனில் நாங்கள் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். ஒரே அறையில் குடியிருந்தோம். லண்டனில் படித்த நண்பர் ஒருவர் ஏதோ கம்பியூட்டர் மொழியைப் பற்றிய புத்தகத்தை அவருக்கு அனுப்பிவைத்தார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அந்த மொழியில் ஒரு கணக்கு விதிக்குப் பெயரே வைக்காமல், தேவைப்பட்ட இடத்திலேயே எழுதி, இன்னொரு விதியின் கையில் கொடுத்துவிடலாமாம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லம்டா' என்று போட்டால் போதும்.

"வர்ற எண்ணை ரெட்டிப்பாக்கி ஒன்னு கூட்டு. அவ்வளவுதாங்க! ஒரு தடவை வந்து வேலைய முடிச்சிட்டுப் போறதுக்குப் பேரு எதுக்கு?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பார். உள்ளே நான், ஹட்டன் குளிரில், தலையில் சோப்போடு.

இயந்திரம் இல்லாத குறைக்கு எங்களையே இயந்திரமாக்கினார். பள்ளிக் கண்காட்சிக்கு ஒத்திகை நடந்தது. தமிழ் வாத்தியார் எண்களை நீட்டுவார். நான் லம்டா அட்டையைப் பிடித்துக்கொண்டு அதில் உள்ளபடி விடை சொல்ல வேண்டும். மூன்று வந்தால் ஏழு. ஐந்து வந்தால் பதினொன்று. ஒருமுறை ஐந்துக்குப் பதின்மூன்று என்றுவிட்டேன். "மெஷின் ரிப்பேரு!" என்று மாஸ்டர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. மாஸ்டரின் வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில். பிரின்சிபல் யோசனை சொன்னார்:

"மாஸ்டர், விதிக்கு அதிகாரி ஐயா பேரையே வச்சிடுங்க."

"பேரு வச்சா அது லம்டா இல்லைங்க சார்."

"ஒரு பேருதானே?"

"தேயிலைப் பெட்டியில தோட்டத்துப் பேரு இருக்கு. கொழுந்து எடுத்தவங்க பேரு இருக்கா? அவங்க வேலை செய்யலையா?"

கண்காட்சியன்று பிரின்சிபலே என் அட்டையில் அதிகாரியின் பெயரை ஒட்டிவிட்டார். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் அதைக் கிழித்தெறிந்தார்.

"இதுக்குப் பேரு கெடையாதுங்க ஐயா. எண்ணைக் குடுங்க, செய்யும்."

"நூறு!" என்று அதிகாரி உறுமினார்.

"இருநூத்தி ஒன்னு," என்றேன். மண்டபமே கைதட்டியது, அதிகாரியைத் தவிர.

வேலை நிரந்தரமாகவில்லை. ராகலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளிக்கு மாற்றல்தான் வந்தது. பெட்டியைக் கட்டியபடி மாஸ்டர் சொன்னார்: "அங்க பிள்ளைங்க நெறைய இருக்காங்களாம். பெரிய மெஷினாவே செஞ்சிடலாம்!"

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகளில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வாங்கும் சாக்கில் நான் ராகலைக்கு பஸ் ஏறினேன். ஹட்டனிலேயே கோவா கிடைக்குமே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.