வெட்கத்தின் பங்கு

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அங்கே இல்லாதவர்களெல்லாம் கண்ணால் கண்டதுபோலத் தூதேலா நகரம் முழுக்கப் பேசித் திரிவதால், பெயர் பெயராகச் சொல்லிவிடுவதே முறை. பெண் வீட்டில் தோன் நிக்கானோர், அவர் மனைவி விசி, மகள் லெய்ரே. மாப்பிள்ளை வீட்டில், எஸ்தெய்யா ஊரிலிருந்து வந்த மருந்துக்கடைக்காரர் தோன் செஃபெரினோ, அவர் மனைவி தோன்யா பூரி, மகன் உனாய். பரிமாறியவள் மைத்தே. சமையலறையில் கசில்டா.

ஏழாவதாக, மேசை நடுவே ஒரு மிளகாய் இருந்தது. வினை அதனால்தான்.

நீள்தட்டில் எண்ணெயும் சிவப்புச் சாறும் தேங்கிய இடத்தில், உப்புமீன் திணித்த கூர்மூக்குச் சிவப்பு மிளகாய் தன்னந்தனியாகப் படுத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. செஃபெரினோ உத்தரத்தைப் பார்த்தார். பூரி தன் மோதிரத்தைப் பார்த்தாள். உனாய் மட்டும் மிளகாயைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்ததும் அவனும் உத்தரத்துக்கு மாறினான்.

பொதுத்தட்டில் கடைசியாக மிஞ்சும் துண்டுக்கு அந்தப் பக்க ஊர்களில் பெயரே 'வெட்கத்தின் பங்கு' என்பது. அதை எடுப்பவன் வெட்கத்தைத் தொலைத்தவன். மற்ற வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு யாராவது ஒருவர் வாயில் போட்டுக்கொள்வார்கள். நிக்கானோர் வீட்டில் சிரிக்க முடியாது. அவருடைய தாத்தா ஒரு பஞ்ச காலத்தில், கோயில் பாதிரியார் வைத்த விருந்தில், பன்னிரண்டு பேர் பார்த்திருக்கக் கடைசித் துண்டு இறைச்சியை எடுத்துத் தின்றார். தின்றதோடு நிற்காமல் ரொட்டியால் தட்டையும் வழித்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் 'தட்டுவழிச்சான் வீடு' என்று பெயர். மூன்று தலைமுறையாகத் தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார்.

அந்தப் பெயரை அழிப்பதற்காகவே நிக்கானோர் அறுபத்தெட்டு ஆண்டுகளாகக் கடைசித் துண்டைத் தொட்டதில்லை. தன் திருமண விருந்திலேகூடப் பசியோடுதான் எழுந்தார். எஸ்தெய்யாக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டால், பிறக்கப்போகும் பேரன் ஒழுங்கான பெயரோடு பள்ளிக்கூடம் போவான். சாப்பாட்டின் முடிவில் செம்மறிப் பால் தயிர் வரும்போது திருமணத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அதுவரை மரியாதை குலையாமல் இருந்தால் போதும்.

கசில்டாவின் கடையைத் தேர்ந்தெடுத்தது விசி. சந்தைக்குப் பின்புறம், பத்து மேசை. காலையில் சந்தைக்கு என்ன வந்ததோ அதுதான் மதியம் கரும்பலகையில் இருக்கும். மூட்டை தூக்குகிறவனும் அங்கே சாப்பிடலாம், நீதிபதியும் சாப்பிடலாம்; ஒரே விலை. "இவ்வளவு மலிவான இடத்திலா சம்பந்தியை உட்கார வைப்பது?" என்று நிக்கானோர் மூன்று நாள் முறைத்தார். பிறகு, அந்த மலிவையே பெருமையாக மாற்றிவிடுவது என்று முடிவுசெய்தார்.

அதனால்தான் மிளகாய்த் தட்டு வந்து இறங்கியதும் எழுந்து நின்று பேசினார். தட்டில் எத்தனை என்று அவர் பார்க்கவில்லை. எண்ணிப் பார்ப்பது பட்டினி கிடந்த வீட்டார் செய்யும் வேலை. அந்த மிளகாய் விளையும் மண், அதைச் சுடும் ஓக் விறகு, தோலைத் தண்ணீர் படாமல் உரிக்கும் விதம், தன் தகப்பனார் நாக்கிலே வைத்தே எந்தத் தோட்டம் என்று சொன்ன கதை என்று கால் மணி நேரம் பேசினார். நடுநடுவே ரொட்டியைச் சாற்றில் தொட்டுக்கொண்டார். அது வழிப்பது அல்ல, சோதிப்பது.

பேச்சு முடிந்து அவர் உட்கார்ந்தபோது தட்டில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"சம்பந்தி, எடுத்துக்கோங்க" என்றார் நிக்கானோர்.

"ஐயையோ, வயிறு முட்டிப்போச்சு. நீங்க எடுத்துக்கோங்க."

"நானா? எங்க வீட்ல எப்பவுமே கொஞ்சமாத்தான் சாப்பிடுவோம்."

"எங்க வீட்ல அதைவிடக் கொஞ்சம்" என்றாள் பூரி உடனே.

"நாங்க பெரும்பாலும் வாசனை பார்க்கிறதோட சரி" என்றார் நிக்கானோர்.

விசி முழங்கையால் அவரை இடித்தாள். "நிக்கானோர், வாய் நீளுது."

நிக்கானோர் உத்தியை மாற்றினார். "இளம் பிள்ளை இருக்கானே! உனாய், நீ எடுத்துக்கோப்பா. இந்த வயசுல கல்லும் செரிக்கும்."

உனாய்க்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முள்கரண்டி பாதி தூரம் வந்துவிட்டது. மேசைக்கு அடியில் பூரி மகனை உதைத்தாள். அந்த உதை மகனுக்குப் போகவில்லை. நிக்கானோரின் வாதம் பிடித்த முழங்காலில் விழுந்தது. அவர் "ஆ!" என்று துள்ள, கையிலிருந்த திராட்சை ரசம் செஃபெரினோவின் சாம்பல் நிறக் கால்சட்டையில் கவிழ்ந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் செஃபெரினோ. பரவாயில்லை என்கிற முகம் அவரிடம் இல்லை.

"மைத்தே!" என்று கூப்பிட்டார் நிக்கானோர். "துணி கொண்டா. இந்தத் தட்டையும் எடுத்துட்டுப் போம்மா. ஆட்டுக்குட்டி விலாவைக் கொண்டுவா."

மைத்தே துணியைக் கொடுத்தாள். தட்டைத் தொடவில்லை.

"தட்டுல இருக்குதுங்களே, ஐயா."

"இருக்கட்டும். எடு."

"எடுத்துட்டு உள்ள போனா கசில்டா என்னைத் தின்னுடுவாங்க. தட்டு காலியானாத்தான் அடுத்தது மேசைக்கு வரும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தூதேலாவில் எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்பே சந்தைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்ததை மிச்சம் வைத்தால் கசில்டாவுக்கு ஆகாது. சமையலறைத் திரைக்குப் பின்னால் விறகுத் தணல் மணத்தது. உனாயின் வயிறு உரக்கப் பேசியது.

"துண்டு போட்டுடலாமா?" என்றாள் லெய்ரே. "ஆறு துண்டு. ஆளுக்கொண்ணு."

"நான் போடறேன். மருந்தை எடைபோட்டுப் பழகின கை" என்று செஃபெரினோ கத்தியை எடுத்தார். ஆனால் எங்கே வெட்டினாலும் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சத்தானே வேண்டும் என்பது வெட்டுமுன்பே அவருக்குத் தோன்றிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார். "உள்ளே இருக்கிற மீன் சிதறிடும்" என்றார்.

அந்த நேரம் திரையை விலக்கிக்கொண்டு கசில்டாவே வெளியே வந்தாள். கையில் கரண்டி.

"என்னய்யா குறை? மீன் நாறுதா?"

"சேச்சே!" நிக்கானோர் எழுந்தார். வந்திருப்பவர்கள் முன்னால் கடையின் மானமும் இப்போது அவர் மானம்தான். "கசில்டா, என் வாழ்நாள்ல இப்படி ஒரு மிளகாய் தின்னதில்லை. கடிச்சதும் தோல் தனியா, சதை தனியா… மீன் அப்படியே பஞ்சு மாதிரிக் கரையுது. கடைசியில நாக்குல ஒரு சின்னக் கசப்பு நிக்குது பாரு, அது ஓக் விறகோட கையெழுத்து."

"அவ்வளவு நல்லா இருந்தா இதையும் தின்ன வேண்டியதுதானே?" என்று கரண்டியால் மிளகாயைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது மற்ற மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மீன்காரன் மேசையிலிருந்து யாரோ "தட்டு…" என்று ஆரம்பித்தது நிக்கானோரின் காதில் விழுந்தது. அவன் "தட்டு வெறுமையாகட்டும்" என்று சொல்ல வந்தானோ என்னவோ. நிக்கானோருக்குக் கேட்டதோ அந்தப் பழைய பட்டப்பெயர்.

அவர் ஜன்னலைக் காட்டினார். "அதோ பாருங்க! கோபுரத்துல நாரை!"

அக்டோபர் மாதம். நாரைகள் ஊரைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் மரியாதைக்காக எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் திரும்பியபோது தட்டு வெறுமையாக இருந்தது. நிக்கானோர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கோட்டின் மார்புப் பை சற்றே புடைத்திருந்தது.



"வாசனை பார்க்கிறதோட சரின்னு சொன்னீங்களே" என்றாள் பூரி இனிமையாக.

அப்போதுதான் நிக்கானோருக்கு உறைத்தது. தட்டில் இருந்தது காணோம். அருகில் இருந்தவர் அவர். அறுபத்தெட்டு ஆண்டு நோன்பு போயிற்று. "நான் தின்னல" என்று சொல்லலாம். சொன்னால், எங்கே என்ற கேள்வி வரும்.

"நாரை தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் செஃபெரினோ, ஈரக் கால்சட்டையைத் தடவியபடி.

"அப்பா, விடுங்க. தின்னா என்ன தப்பு?" என்றாள் லெய்ரே.

"நான் எதையும் தின்னல!" என்று நிக்கானோர் மார்பில் அடித்துச் சொன்னார்.

மார்பில் அடித்திருக்கக் கூடாது. பைக்குள் ஏதோ மெத்தென்று நசுங்கியது. எண்ணெய் சட்டைக்குள் இறங்கியது. ஆட்டுக்குட்டி விலா மேசைக்கு வந்து சேர்ந்த அதே நேரம், நிக்கானோரின் வெள்ளைச் சட்டையில் இதயம் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றி, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது.

"ரத்தம்!" என்று அலறினாள் பூரி.

செஃபெரினோ முப்பது ஆண்டுகளாக இருமல் மருந்து விற்றுக்கொண்டு இப்படி ஒரு தருணத்துக்காகவே காத்திருந்தவர்போல் பாய்ந்தார். "யாரும் தொடாதீங்க! படுக்க வைங்க! சம்பந்தி, மூச்சு விடுங்க!"

"எனக்கு ஒண்ணுமில்லை! கையை எடுங்க!"

"அதிர்ச்சியில அப்படித்தான் சொல்வாங்க. உனாய், காலைப் பிடி!"

மாப்பிள்ளை காலைப் பிடிக்க, சம்பந்தி கோட்டைத் திறக்க, கடை முழுவதும் கூடி நிற்க, தோன் நிக்கானோர் தரையில் மல்லாந்து கிடந்தார். இரு கைகளாலும் மார்புப் பையை மூடிக்கொண்டார். வலியால் பிடிக்கிறார் என்று நினைத்துச் செஃபெரினோ அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு பைக்குள் கைவிட்டார். நெடுநேரம் துழாவினார். மெதுவாக வெளியே எடுத்தார்.

"இது என்னது?" என்றார், மிளகாயைக் காம்பைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாரு போல" என்றாள் பூரி. "ராத்திரிக்கு."

முதலில் சிரித்தது உனாய். அடுத்து லெய்ரே. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்பா தரையில் கிடக்கும்போதே, தயிர் வரும்வரை காத்திராமல், மே மாத முதல் சனிக்கிழமை என்று தேதியையும் குறித்துக்கொண்டார்கள். பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. விலா ஆறிப்போயிருந்தது, ஆனாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திருமணம் தப்பியது. மானம் தப்பவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் கதை சந்தையை நான்கு முறை சுற்றி வந்துவிட்டது. நிக்கானோர் நான்கு மிளகாய் தின்றுவிட்டு ஐந்தாவதைப் பையில் போட்டார் என்றார்கள். இரண்டு பையிலும் போட்டார் என்றார்கள். முடிதிருத்தும் கடையில் அந்தப் பை தொப்பியாக மாறியிருந்தது.

"இதை விட்டா பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றார் நிக்கானோர். "நானே போய் நிறுத்தறேன்."

"பேசாம இருந்தா தானா ஓயும், நிக்கானோர்" என்றாள் விசி.

அவர் பேசாமல் இருக்கப் பிறந்தவர் அல்ல. வேறொரு கோட்டை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, காலை பத்து மணிக்குச் சந்தைக்குள் நுழைந்தார். காளான் விற்கும் ஒப்துலியாவின் முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். அவரைக் கண்டதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"பையில இடம் இருக்குதா, தோன் நிக்கானோர்?" என்றாள் ஒப்துலியா. "ரெண்டு காளான் போட்டுவிடட்டுமா?"

"கேட்டுக்கோங்க எல்லாரும்!" என்று முழங்கினார் நிக்கானோர். "நாலும் இல்லை, அஞ்சும் இல்லை. எல்லாரையும் போல நானும் தின்னது ஒண்ணே ஒண்ணு. அதிகமா வந்ததை யாரும் எடுக்கலைன்னு, கசில்டா மனசு நோகக் கூடாதுன்னு, மரியாதைக்காகத்தான் மறைச்சேன். சாட்சி வேணுமா? இதோ நிக்கிறா."

மைத்தே பக்கத்துக் கடையில் இடுப்பில் கூடையோடு மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மைத்தே, நீ அங்கே இருந்தவ. பயப்படாம இவங்க எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லு. நான் நாலு தின்னேன்கிறது பொய்தானே?"

"பொய்தாங்க, ஐயா."

"ரெண்டு தின்னேன்கிறது?"

"அதுவும் பொய்தான்."

"கேட்டீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்தார் நிக்கானோர். "அப்போ நான் எத்தனை தின்னேன்? சத்தமாச் சொல்லு."

மைத்தே கையிலிருந்த மிளகாயைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுகூட இல்லீங்களே, ஐயா. கசில்டா தலைக்கு ஒண்ணு கணக்காத்தான் வைப்பாங்க, ஆறு பேருக்கு ஆறு. உங்க பங்குதான் உங்க பைக்குப் போச்சு. நீங்க பேசிக்கிட்டே ரொட்டியால தட்டை வழிச்சதோட சரி."