தோலுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்

உயிருள்ள எதுவும் முறைப்படி விசாரிக்கப்படாமல் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே உகாண்டாவில் 'உயிருள்ள சரக்குகள் இலாகா' இயங்கிவந்தது.

அங்கே டாக்டர் கெம்பாபாசி வாங்கப் போன பெட்டியில் இருந்தது நால்வோகாவின் தோல். கம்பாலாவில் தெருவோரம் சப்பாத்தி சுட்டு விற்கும் நால்வோகாவுக்குக் கொதிக்கிற எண்ணெய் கவிழ்ந்து இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அவள் தொடையிலிருந்து பட்டாணியளவு தோலை எடுத்து நைரோபி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, இரண்டு கைக்கும் போதுமான அளவு வளர்த்து வரவழைத்திருந்தார் டாக்டர். பெட்டிக்குள் அதற்கு ஐந்து நாள்தான் உயிர். தவறினால் விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மாவு பிசைவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அதிகாரி கியேயுனே டாக்டரின் உடல்நலம், வீட்டார் நலம், ஊரில் மழை நலம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகே பெட்டியைப் பார்த்தார்.

"போகும்போது பட்டாணி அளவுன்னு எழுதியிருக்கு மேடம். வரும்போது ரெண்டு கை அளவு. கூடுதலா வளர்ந்தது வெளிநாட்டுல பிறந்ததாச்சே! ஊர்த் தலைவர் கடிதம் வேணும்."

அந்தக் கடிதம் இல்லாமல் அங்கே கல்யாணம்கூட நடக்காது. தலைவரைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அவர் யோசிக்கவே இல்லை. 'மேற்படி தோலைச் சிறுவயது முதல் அறிவேன். நன்னடத்தை உடையது. எவ்வித வம்பு வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

கியேயுனே படித்து மெச்சினார். "ரொம்ப மரியாதையான தோல்தான். சொந்தக்காரியோட பெருவிரல் ரேகை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

"அவ விரல்ல தோலே இல்லைங்க! அது இந்தப் பெட்டியிலதான் இருக்கு!"

"அப்ப இத ஒட்டி, ஆறினதும் ரேகை வெக்கச் சொல்லுங்க."

"சரி, பெட்டியக் குடுங்க."

"ரேகை வேணுமே மேடம்."

"கால் விரல் ரேகை ஆகுமா?"

"கால் வேற இலாகா."

ஆறாம் நாள் காலை கியேயுனே தாமே போன் செய்தார்.

"நல்ல சேதி மேடம்! தோல் செத்துப்போச்சு. செத்ததுக்கு அனுமதியே தேவையில்ல. உடனே வந்து எடுத்துக்கங்க."

டாக்டருக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் படித்தவர் அல்லவா? இனி ஒரு தோலுக்கும் இந்தக் கதி நேரக் கூடாதென்று, எல்லா ஒப்புதலையும் முன்கூட்டியே வாங்கிவிடும் புதிய படிவம் ஒன்றை இரண்டு நாள் உட்கார்ந்து தாமே தயாரித்தார். நால்வோகாவின் விரல்கள் அதற்குள் மடங்கத் தொடங்கியிருந்தன. மறுபடி பட்டாணியளவு தோல் எடுக்க வந்த டாக்டர், அவள் கட்டிலில் அந்தப் படிவத்தின் மூன்று பிரதிகளையும் விரித்தார்.

"இதுல மட்டும் பெருவிரல் ரேகை வெச்சிடும்மா."

நால்வோகா கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன அந்தக் கியேயுனே ஐயா உங்களுக்கு அண்ணன் முறையா, தம்பி முறையா?"