சுவரில் ஒரு குன்று, ஜன்னலில் ஒரு குன்று

இங்கிலாந்தில் மழைக்கு அடுத்தபடியாக, ஒதுங்கக்கூட இடம் கொடுக்காமல் நம்மைப் பிடித்துக்கொள்ளும் இனம் ஒன்று உண்டு. தன் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பழைய வரைபடத்தை மாட்டி வைத்திருப்பவர். தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. எல்லோரையும் போலத் தொப்பியைத் தொட்டு, இன்றைக்குப் பரவாயில்லை, தூறல்தான் என்று சொல்லிவிட்டு நடப்பார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால்தான் விஷயம் வெளிப்படும். நீங்கள் கோட்டைக் கழற்றி, மாட்டுவதற்கு ஆணி தேடுவீர்கள். உங்கள் முழங்கையை ஒரு கை பற்றும். மெல்லத் திருப்பப்படுவீர்கள். எதிரே கறுப்புச் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய மாவட்டம் நானூறு வயதோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

மாட்டிக்கொண்டீர்கள். தேநீர் ஆறிவிடும்.

இந்த இனத்திலும் உட்பிரிவுகள் இல்லாமல் இல்லை. பாட்டன் வழியில் படம் வந்து சேர்ந்தவர் அவ்வளவாக அலட்டிக்கொள்ள மாட்டார். படத்தை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார். ஏலத்தில் எடுத்தவர் மோசம். என்ன விலைக்கு எடுத்தார் என்று அவராகச் சொல்ல மாட்டார், நீங்களாகக் கேட்கும்வரை உங்களை விடவும் மாட்டார். எல்லாரிலும் முற்றிய ரகம் ஒன்று உண்டு. தன் ஊர் அந்தப் படத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர். அவரிடமிருந்து தப்பித்து வந்த ஆள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

சசெக்ஸ் கவுண்டியில் சேல்டிங் என்ற கிராமத்தில் இருக்கும் ஆஸ்பர்ட் பில்பீம் இந்த மூன்றாவது ரகம். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். வைத்தியத்தை விட்டாலும், பல்லின் பின்பக்கம் பார்க்கும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடிக் குச்சியை விடவில்லை. படத்தின் மேல் விரல் படக்கூடாது என்பதால் அதை வைத்துத்தான் சுட்டிக்காட்டுவார். பழைய நோயாளிகள் யாராவது விருந்துக்கு வந்திருந்தால், குச்சி கிட்டே வந்ததும் தன்னையறியாமல் வாயைத் திறந்துவிடுவார்கள்.

குச்சி எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். முதலில் மேல் மூலையில், கொழுத்த குழந்தைகள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கும் தலைப்புச் சுருள்; அங்கிருந்து கீழே அளவுகோல், அதன்மேல் காலை அகட்டி நிற்கும் கவராயம்; அப்புறம் கடல், கடலில் நீரைப் பீய்ச்சியடிக்கும் ஒரு மீன், அந்த மீனுக்கு அஞ்சாமல் பாய் விரித்துப் போகும் ஒரு கப்பல், அளவுகோல்படி பார்த்தால் அந்தக் கப்பலில் மூன்று கிராமங்களை ஆடு மாடோடு ஏற்றலாம், அதை யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது; பிறகு கரையேறி, குட்டிக் குட்டி மரமாக நிற்கும் காடு, வட்டமாக வேலி போட்ட பிரபுக்களின் மான் வனம், கோபுரம் முளைத்த சின்ன வட்டங்களாக ஊர்கள், கொழுக்கட்டைகளை வரிசையாக அடுக்கியதுபோல் குன்றுகள், ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் வலப்பக்கம் மட்டும் நிழல். சாலை மட்டும் கிடையாது. ஒன்றுகூட.

"அப்ப ஊருக்கு ஊர் எப்படித்தான் போனாங்க?" என்று யாராவது கேட்டே தீருவார்கள்.

"தெரிஞ்சவங்க போனாங்க" என்பார் பில்பீம், அந்தச் சாலைகளெல்லாம் தனக்குத் தெரியும் என்பதுபோல.

ஓரத்தில் பெரிய குடும்பங்களின் கேடயச் சின்னங்கள் வரிசையாக இருக்கும். சிங்கம், கழுகு, மூன்று மீன். கடைசிக் கேடயத்தில் ஒன்றுமே இல்லை. குச்சி அங்கே வந்ததும் நின்றுவிடும். "இது மட்டும் காலியா விட்டிருக்காங்க பாருங்க" என்று பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான், மேற்கொண்டு பேச மாட்டார். நீங்கள்தான் புரிந்துகொண்டு, "ஒருவேளை உங்க குடும்பத்துக்குன்னு விட்டிருப்பாங்களோ?" என்று கேட்க வேண்டும். "சேச்சே! நாங்கல்லாம் சாதாரண ஆளுங்க" என்று அவர் பதறுவார். பதறி முடித்ததும்தான் உங்களுக்கு கேக் வரும்.

இத்தனையும் எந்த வெளிச்சத்தில் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மேசை விளக்கின் வெளிச்சத்தில். அந்தக் கூடத்தில் பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. வீடு வாங்கிய வாரமே படமும் வந்தது. படம் வந்த அன்றே ஜன்னலுக்குக் கனத்த பச்சைத் திரை விழுந்தது. வெயில் பட்டால் சாயம் போய்விடுமாம். கால் நூற்றாண்டாக அந்தத் திரை விலகியதில்லை. அந்த வீட்டில் பூனையை மிதிக்காமல் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்த விருந்தாளி கிடையாது. பில்பீமின் மனைவி மேவிஸ் அம்மாள் மட்டும் எதிலும் இடித்துக்கொள்ளாமல் தட்டும் கோப்பையுமாக நடமாடுவார். பழகிவிட்டது. தவிர, அவருக்கு அந்தத் திரை ஒரு பொருட்டாகவும் இருந்ததில்லை, ஏனென்றால் பகல் முழுக்க அவர் வெளியேதான் இருப்பார். ஊருக்கு அடுத்தாற்போல் பிக்ஸ்டன் குன்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் மற்றவர்கள் மாட்டிறைச்சியை அடுப்பில் வைக்க ஓடும்போது, அம்மாள் குன்றேறப் போய்விடுவார். சினிமா, பிறந்த வீடு, தோழிகள் எல்லாம் அவருக்கு அந்தக் குன்றுதான்.

இந்தக் குளிர்காலத்தின் கடைசியில் தேவாலயப் படியில் வழுக்கி விழுந்து அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. ஆபரேஷன் ஆயிற்று. இனி குன்று ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது மேவிஸ் அம்மாள் அழவில்லை. மாடி ஏற முடியாது என்று கூடத்திலேயே கட்டில் போட்டார்கள். அந்த இருட்டில் படுத்தபோதுதான் அழுகை வந்தது.

"ஆஸ்பர்ட், அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கேன்."

"எதுக்கு?"

"குன்றைப் பார்க்கணும் போல இருக்கு. ஏறத்தான் முடியாது, பார்க்கவாவது பார்க்கறேனே."

"பிக்ஸ்டன் குன்றா? அதுக்கா திரையை விலக்கணும்? இரு, இரு." பில்பீம் நாற்காலி போட்டு ஏறினார், சுவரிலிருந்து படத்தை இரண்டு கையாலும் இறக்கினார், கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் புதிதாக ஆணி அடித்து மாட்டினார். விளக்கையும் அதன் பக்கம் திருப்பி வைத்தார். "இதோ இருக்கு பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு."

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சூப் சுடவைத்துக் கொடுத்தார், வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுத்தார், குறுக்கெழுத்துப் போட்டியை உரக்கப் படித்து, விடையை அம்மாள் சொல்வதற்கு முன் சொல்லிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற ஒரு மனிதர் இதற்குமேல் என்ன தியாகம் செய்ய முடியும்? திரை விஷயம் ஒன்றைத் தவிர எதற்கும் அவர் மாட்டேன் என்றதில்லை. இந்த இனத்தாரிடம் அன்புக்குக் குறைவில்லை. கேட்டதைக் கொடுக்காமல், தங்களிடம் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடுப்பார்கள், அதுதான் தொல்லை.

விருந்தாளிகள் அந்தப் படத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தப்பித்துப் போவார்கள். மேவிஸ் அம்மாள் வாரக்கணக்கில் படுத்தபடியே பார்த்தார். அதிலிருந்த ஒவ்வொரு கொழுக்கட்டையும் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒருநாள் கையிலிருந்த சூப் கரண்டியை அப்படியே நிறுத்தி, படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு சூப்பைக் குடித்து முடித்தார். சனிக்கிழமை விருந்தாளிகள் வருவதாக இருந்தது.

லண்டனிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள், கிளைவ் ஹாப்குட்டும் அவர் மனைவி ஜாய்ஸும். வந்தார்கள். பூனையை மிதித்தார்கள். முழங்கை பற்றப்பட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தப்பட்டார்கள். குச்சி புறப்பட்டது.

"இதெல்லாம் என்ன, எறும்புப் புத்தா?" என்றார் ஜாய்ஸ்.

"குன்றும்மா, குன்று!" பில்பீமுக்கு முகம் சிவந்தது. "எறும்புப் புத்தைப் போய் யாராவது செம்புத் தகட்டுல செதுக்கி அச்சடிப்பாங்களா?"

தலையணையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆஸ்பர்ட், கடல்ல ஒரு சக்கரம் இருக்கே, அதை இவங்களுக்குக் காட்டவே இல்லையே."

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது, இந்த இனத்தின் பலவீனம் அது. கட்டியவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"அதுக்குத்தான் வர்றேன். இது திசைகாட்டி. ஒரு முனையில மட்டும் அல்லிப்பூ வரைஞ்சிருக்கு பாருங்க, அது வடக்கு. எந்தப் பழைய படத்துலயும் முதல்ல பூவைத் தேடணும். அது தெரியாதவன் படம் பார்க்கவே லாயக்கில்லை."

"நம்ம ஊர் எது?"

"இதோ, இந்தக் கோபுரம்."

"பிக்ஸ்டன் குன்று?"

"அதுக்கு நேர் மேல."

"மேலன்னா?"

"மேலன்னா வடக்கு, மேவிஸ்! இப்பத்தானே படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"சரி, கோச்சுக்காதே. இடுப்பு உடைஞ்சவகிட்ட கொஞ்சம் பொறுமையா சொல்லேன். அந்தக் குன்று நம்ம வீட்டுல எந்த ஜன்னல் வழியாத் தெரியும்?"

"இது என்ன கேள்வி? இந்த ஜன்னல்தான். இந்த ஒண்ணு வழியாத்தான்..."

குச்சி நடுவழியில் நின்றது.

"அட, அப்ப இது வடக்குப் பார்த்த ஜன்னலா?" என்றார் ஹாப்குட். லண்டன்காரருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று இன்னும் பழகவில்லை. "இதுல வெயிலே வராதே!"

வராதுதான். நம் ஊர்போல் அங்கே சூரியன் உச்சந்தலைக்கு வருவதில்லை. தெற்கு ஓரமாகவே தயங்கித் தயங்கி நடந்து மேற்கே இறங்கிவிடும். வெண்ணெய் உருகாமல் இருக்க வடக்குப் பக்கத்தில் அலமாரி வைக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் சமையல்காரிக்கும் தெரியும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திசை சொல்லிக்கொடுத்த மனிதர், வராத வெயிலுக்குப் பயந்து, கால் நூற்றாண்டாகத் தன் வீட்டை இருட்டில் வைத்திருந்திருக்கிறார்.

"ஜூன் மாசம்..." என்று இழுத்தார் பில்பீம். "சாயங்காலம்... ஒரு ஓரமா... கொஞ்சம் வரும்."

"ஜூன் மாசம் சாயங்காலம் மூடிக்கலாம், ராஜா. இப்ப ஏப்ரல்."

பில்பீம் படத்தைப் பார்த்தார். தப்பிக்க வழி இருக்கிறதா என்று அல்லிப்பூவைப் பார்த்தார். பூ வடக்கையே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நடந்துபோய்த் திரையைப் பிடித்து இழுத்தார். வளையங்கள் துருப்பிடித்துக் கிரீச்சிட்டன, ஒரு கூடைத் தூசு கொட்டியது, ஜாய்ஸ் தும்மினார், பூனை முதல் தடவையாகத் தன் மீசையை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாய்ந்து ஓடியது.

பிக்ஸ்டன் குன்று அங்கேயே இருந்தது. உச்சியில் ஆடுகள், பாதி வழியில் அம்மாள் எப்போதும் மூச்சு வாங்க நிற்கும் முள்மரம். மேவிஸ் அம்மாள் தலையணையிலிருந்து எழும்பிப் பார்த்தார். சந்தோஷம் தாங்காமல் அழுதார், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேவிஸ்" என்றார் பில்பீம்.

"சொன்னேனே. நீ படத்தைக் கொண்டுவந்து மாட்டினே."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். கட்டிலில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் குன்றைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, உண்மையாகவே. இனிமேல் இந்த மனிதர் திருந்திவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரம் போனதும் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்தார். ஹாப்குட்டின் முழங்கையைப் பிடித்தார். கண்ணாடிக் குச்சி இந்தத் தடவை ஜன்னலை நோக்கி நீண்டது.

"பாருங்க! இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் நிழல். அடேயப்பா, அப்படியே படத்துல இருக்கற மாதிரியே இருக்கு!"

இப்போது அந்த வீட்டுக்குப் போனால் இரண்டு சுற்று. முதலில் சுவர், பிறகு ஜன்னல். தேநீர் முன்னைவிட ஆறிப்போகிறது என்று ஊரில் புகார். மேவிஸ் அம்மாள் மட்டும் புகார் சொல்வதில்லை.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்களிடம் அப்படிப் படமெல்லாம் கிடையாது, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கொழுக்கட்டை என்றால் குன்று, வேலி வட்டம் என்றால் மான் வனம், அல்லிப்பூ என்றால் வடக்கு என்பதெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டதே. நாளைக்கு எங்கேயாவது ஒரு சுவரில் இப்படி ஒரு படம் தொங்கும். பக்கத்தில் ஒன்றும் தெரியாத ஒரு நண்பர் நின்றுகொண்டிருப்பார். உங்கள் விரல் தானாக எழும்பும். எழும்பட்டும், தடுக்க உங்களால் முடியாது. சொல்லத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பின்னால், உங்களிடம் எதையோ கேட்டுவிட்டு, யாராவது இருட்டில் படுத்திருக்கப் போகிறார்கள்.