துளியக்கா தொடுத்த ட்யூப்லைட் போர்

வாழ்க துளியக்கா! ஒரு குளத்து நீரில் ஒரு சிட்டிகை நஞ்சு கரைந்தாலும் ஒளியால் துழாவிப் பிடிப்பேன் என்று சூளுரைத்த சுடர்விழியாள். வெள்ளை அங்கி அணிந்த வீராங்கனை. வெள்ளித்துகள் சேனையின் தலைவி. மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தை ஆண்ட முடிசூடா அரசி! அவள் தொடுத்த போரையும், அப்போரில் எதிரி விட்ட கொட்டாவிகளையும் பாடப் புகுந்தோம். கேட்போர் பொறுமை பெருகுக!

போருக்கு மூலம் புல்வெளி. நிறுவனத்தைப் பார்வையிடப் பெரியமனிதர்கள் வருகிறார்கள் என்று, வாசலில் வாடிக்கிடந்த புல்லுக்கு வாளி வாளியாகப் பூஞ்சைக்கொல்லி தெளித்தார்கள். புல் பசுமை பூண்டது. பெரியமனிதர்கள் படமெடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே பெருமழை வந்து, தெளித்ததையெல்லாம் வழித்தெடுத்து, அடியிலிருந்த குடிநீர்த் தொட்டியின் விரிசலில் இறக்கிவிட்டது. நீரின் நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை. ஆகவே குடித்தவர் எவர் மனமும் மாறவில்லை. ஐயுற்றவள் துளியக்கா ஒருத்தியே. தாழ்வாரக் குழாயில் ஒரு பாட்டில் நீர் பிடித்துக்கொண்டு, களம் நோக்கி நடந்தாள்.

அவள் படைக்கலம் ராமன் நிறமாலைக் கருவி. லேசர் என்னும் செங்கணை பாய்ந்ததும் நீரிலுள்ள பொருள் தன் பெயரை ஒளியாலேயே முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு கணினித் திரையில் மலைத்தொடராய் எழும். சிகரங்களைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் துளியினும் துளியாய்க் கரைந்த நஞ்சின் குரல் எவர் காதில் விழும்? அதற்காகத்தான் கண்ணுக்கெட்டா வெள்ளித்துகள்கள். அவற்றின்மேல் நஞ்சு ஒட்டிய மாத்திரத்தில் முணுமுணுப்பு முரசு முழக்கமாகும். இத்தனை வல்லமை பொருந்திய கருவிக்கு ஒரே ஒரு பலவீனம்: வேற்று வெளிச்சம் ஆகாது.

அந்த வேற்று வெளிச்சத்தின் காவலர் எதிர்மேசையில் வீற்றிருந்தார். ஓய்வுபெறும் நாளை எதிர்நோக்கிய மூத்த ஆய்வாளர். செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரை அனுதினமும் முற்றுகையிட்டும் ஒருமுறைகூடப் பரிசு பெறாத விடாக்கண்டர். ட்யூப்லைட் அண்ணன் என்னும் பட்டப்பெயர் உடையவர். வெளிச்சத்தின்மேல் அவருக்குள்ள பிரியத்தால் வந்த பெயர் அது என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் இருமிக்கொள்வார்கள்.

முதல் நாளே துளியக்கா புண்பட்டாள். திரையில் ஒரு சிகரம் விண்முட்ட எழ, இதோ நஞ்சு என்று மாடி அதிர முழங்கிவிட்டாள். ஓடிவந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அது தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட்டின் சிகரம். லிஃப்ட்டில் ஏறியவர் இறங்கியவர் எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு முறை இப்படி மானம் போனால் கருவியை அடுத்த துறைக்குத் தள்ளிவிடுவேன் என்று இயக்குநர் அறிவித்தார். 

மூண்டது போர். அவள் சுவிட்சை அணைத்தாள், அவர் போட்டார். அவள் அணைத்தாள், அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டார். கருவியின்மேல் கருந்துணி போர்த்தினாள். தற்செயலோ தந்திரமோ, அவருடைய மேசைவிசிறி அதைப் பறக்கடித்தது. ஸ்டூலில் ஏறி, ட்யூப்லைட்டின் உயிர்நிலையாகிய ஸ்டார்ட்டரைக் கழற்றி அங்கிப் பைக்குள் சிறைவைத்தாள். மறுநாள் அவர் வீட்டிலிருந்து புது ஸ்டார்ட்டரோடு வந்து, வெற்றி ஒளி பரப்பி, பேனாவைத் திறந்தார்.

இனிப் படை செல்லாது, தூதுதான் என்று தெளிந்து, துளியக்கா அவர் மேசைக்கு நடந்தாள். தாளில் ஒரு வரிசைக் கட்டங்கள் நிரம்பாமல் கிடந்தன. குறிப்பைப் படித்தாள்: செய்தியை வெளியே தெரியாமல் அமுக்குதல், ஏழெழுத்து.

"இருட்டடிப்பு. எழுதிக்கோங்கண்ணா. எழுதிட்டு லைட்ட அணைங்க."

அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கட்டங்களை நிரப்பி, எழுந்து போய், தம் கையாலேயே சுவிட்சை அணைத்தார். இருளே, உனக்கும் வணக்கம்!

பாய்ந்தது செங்கணை. முதலில் எதுவும் கலவாத காய்ச்சி வடித்த நீர்: திரையில் வெறும் சமவெளி. அடுத்துப் புல்லுக்குத் தெளித்த பூஞ்சைக்கொல்லி: நெடிய சிகரம், பக்கத்தில் குட்டிச் சிகரங்கள். கடைசியாகத் தாழ்வாரக் குழாய் நீர்.  அதே நெடிய சிகரம், அதே குட்டிகள், அதே இடத்தில். கெலித்தோம் என்று துள்ளிய நெஞ்சு அடுத்த கணமே சில்லிட்டது. போர் மும்முரத்தில் ஐயத்தை மறந்து, மதியம் பழக்கதோஷத்தில் அதே நீரைத்தான் அவளும் குடித்திருந்தாள்.

பின்னால் நின்ற அண்ணன் அப்போதுதான், அதே குழாயில் பிடித்துவைத்த தம் பாட்டிலைச் சாய்த்து ஒரு வாய் குடித்திருந்தார். அதை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல், இரு கன்னமும் உப்பிய கோலத்தோடு சிகரத்தையே பார்த்தார். பிறகு சிங்க்கைத் தேடி ஓடினார். திரும்பி வந்து, "நானும் வரேன், வா," என்றார்.

பகைவர் இருவரும் ஓரணியாய் இயக்குநரின் அவை புகுந்தார்கள். வரைபடத்தை இயக்குநர் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், ஜன்னலுக்கு எதிரே பிடித்தார். புல்வெளி பேர்வாங்கிய கதையை நினைவூட்டினார். குழு ஒன்று அமைக்கப்படும் என்றும், அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்றும் அருளினார். கடைசியில் துளியக்காவைப் பரிவோடு நோக்கி, "கண்ணுக்கே தெரியாததை எதுக்கும்மா தேடிப் போறீங்க?" என்றார்.

சிகரம் கண்ட சீர்மிகு செல்வி, சேனை சூழ் வெள்ளித் தலைவி, அண்ணன் பின்தொடரப் படியிறங்கி, தாழ்வாரக் குழாயின்மேல் 'குடிக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள்; அதைக் காவலாளி கிழித்தார்; மறுபடி ஒட்டினாள்.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்கு மட்டும் கேன் தண்ணீர் வந்தது.