சல்லடைக்கு ஊசி போட்ட கதை

உலகத்திலேயே மிக மெதுவாக 'ஆமாம்' சொல்லும் மனிதர் கூடலூரில் இருந்தார். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு 'ஆமாம்' அல்லது ஒரு 'இல்லை' வாங்குவதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறிப் போனவள் நான்.

அவர் பெயர் என் சர்வே டேப்லெட்டில் இருந்தது. ஊரில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் அடையாளம் சொன்னதும், "அட, நம்ம சல்லடை" என்று கை காட்டினார்கள். ஏலக்காய்க் கடையில் காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பெரிய கண் சல்லடை, சின்னக் கண் சல்லடை, அதற்கும் கீழே ஒன்று. சலித்ததை மறுநாள் இன்னொரு முறை சலித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு என்று கம்பம் டவுனில் சட்டை பார்க்கப் போனவர், எடுத்து முடித்தபோது கடையில் பொங்கல் தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். பெண் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்தவர் பல நாள் வாயைத் திறக்காமல் இருக்க, கடைசியில் பெண்ணே ஆள் அனுப்பி, என்னதான் முடிவு என்று கேட்டாராம். அந்தப் பெண்தான் அவருடைய சம்சாரம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என்னை அனுப்பினார்கள். கொரோனா ஊசி வந்த புதிது. பெரியவர்கள் ஊசிக்கு ஏன் தயங்குகிறார்கள், எவ்வளவு தயங்குகிறார்கள் என்று அளக்கிற சர்வே. தயக்கத்தை எப்படி அளப்பது என்று சிரிக்காதீர்கள். நாங்கள் ஒரு வாக்கியம் படிப்போம். முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், தெரியவில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன் என்ற ஐந்தில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேட்போம். மாஸ்க்கோடு வாசலில் நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. தயங்குகிறவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை மறுபடி போக வேண்டும்.

'தடுப்பூசி பாதுகாப்பானது என்று நம்புகிறேன்' என்று முதல் வாக்கியத்தைப் படித்தேன். சல்லடை கண்ணை மூடிக்கொண்டார். பால்காரர் வந்தார், ஊற்றினார், போனார். நான் கால் மாற்றி நின்றேன். தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தபோது கண்ணைத் திறந்தார்.

"ஏத்துக்கிறேன்னு சொல்ல மனசு வரல தாயி. தெரியலன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்ணு இருந்தாச் சொல்லு."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்தப் பிள்ள வெயில்ல நிக்குது. எதையாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலைங்க."

அந்தக் குரலை அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தபடியே வீட்டை ஆள்கிற அம்மா போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஊசி போடாததற்குக் காரணம் கேட்டால் மாதத்துக்கு ஒன்று சொல்வார். ஒரு மாதம் நெஞ்சு படபடப்பு. அடுத்த மாதம், ஊசி மருந்து வந்த வேன் வெயிலில் நின்றதாம், அதை அவர் கண்ணால் பார்த்தாராம். அதற்கடுத்த மாதம் நாள் சரியில்லை. எங்கள் பட்டியலில் இருந்த அத்தனை காரணங்களையும் அவர் ஒருவரே சொல்லி முடித்துவிட்டார். இவர் ஒரே ஆள்தானா, இல்லை அந்த வீட்டில் ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறதா என்று மதுரையிலிருந்து சூப்பர்வைசர் போன் போட்டுக் கேட்டார்.

முகாமுக்கும் போனார். பள்ளிக்கூட வாசல் வரை கூட்டம் நின்றது. இவ்வளவு கூட்டத்தில் அவசரத்தில் யாருக்கு எதைப் போடுகிறார்களோ என்று திரும்பி வந்துவிட்டார். அடுத்த முகாமில் ஈ காக்கை இல்லை. ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று யோசித்து அதற்கும் திரும்பி வந்துவிட்டார். நர்ஸம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாராம்.

எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் அவருக்கு அது விளையாட்டு இல்லை. ஒரே மகளை மலைக்கு மேலே, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கேரள எல்லைச் செக்போஸ்டில் விடவில்லை. கைக்குழந்தையோடு அவளை மலை இறக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. ஜீப் ஏறினால் காபி ஆறுவதற்குள் போய்விடுகிற தூரம்தான். சாயங்காலமானால் சல்லடை மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஒரு விளக்கு எரியும். அது மகள் வீட்டு விளக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதைத்தான் பார்ப்பார். பேரப்பிள்ளை குப்புற விழுந்துவிட்டதாம் என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு ஆசை இருக்கிறவர் ஒரு ஊசிக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்துக் காலையிலேயே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. கூப்பிட வாய் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே கட்டிலில் அந்த அம்மா. வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. சல்லடை ஒரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, மெல்லத் தூக்கி உட்காரவைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து, தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். வகிடு கோணலாக இருக்கிறது என்று அந்த அம்மா அதட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சீப்பை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பக்கவாதம் என்றார். வேறு யார் கை பட்டாலும் அவளுக்குக் கூச்சம், அக்கம்பக்கத்தில்கூட யாரையும் கூப்பிட விடமாட்டாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் ஆளைத் தூக்கிப் போட்டுருதுங்கிறாக தாயி. நான் படுத்துட்டா இவளத் தூக்கி உக்கார வைக்க யாரு இருக்கா?"

எங்கள் பட்டியலில் இந்தக் காரணம் இல்லை.

அந்த ரெண்டு நாளும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் வேலையில் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. தன் வழக்கப்படி அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்த அம்மா காத்திருக்கவில்லை.

"ஏத்தா, நீ உள்ள வா. கூச்சத்தப் பாத்தா என் பேத்தி மொகத்த யாரு பாக்குறது? என்னாலதான் மலையேற முடியாது. இவுக போயிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்."

முகாமுக்கு நானே கூட்டிப்போனேன். கூட்டம் அளவாக இருந்ததால் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. எந்தக் கையில் போட வேண்டும் என்று நர்ஸம்மா கேட்டார். போச்சு என்று நினைத்தேன். சல்லடை இடது கையை நீட்டினார், மடக்கினார், வலது கையை நீட்டினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "இடது கை அவ கழுத்தத் தாங்குறது. வலது கை தூக்குறது. எது வலிச்சாத் தேவலன்னு பாக்குறேன்" என்றார். நர்ஸம்மா இடது கையைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தார். பக்கத்தில் மாத்திரை, தண்ணீர்ச் செம்பு. அக்குளில் தெர்மாமீட்டர். நான் அந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கக் கற்றுக்கொண்டேன். கஞ்சி வைத்தேன். வகிடு எடுத்ததில் எனக்கும் அதட்டல் விழுந்தது. காய்ச்சல் மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மருந்து சரியான மருந்துதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முகாமுக்குப் போய் விசாரிக்கிறேன் என்று எழுந்தவரைப் பார்த்து அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. மூவரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்த நாட்கள் குறைவு.

இரண்டாவது ஊசியும் போட்டுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஜீப் ஏறினார். நான் அந்த அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவின் காதருகே பிடித்தேன். பிள்ளை யார் சாடை என்று அவர் கேட்டார்.

இதற்குப் பதில் வர எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்று நினைத்தேன்.

"ஒன்னைய மாதிரியே இருக்காடி" என்றார் சல்லடை. கேள்வி முடிந்த கையோடு சொன்னார். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போனைப் பிடித்தபடி நின்றேன்.

அதற்கடுத்த வருடம் மகளே இறங்கி வந்து, அந்த அம்மாவை ஜீப்பில் படுக்கவைத்து, இருவரையும் மலைக்குக் கூட்டிப்போய்விட்டாள். வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் இன்னமும் சர்வேக்குத்தான் போகிறேன். வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் எல்லோரும் 'ஆமாம், ஆமாம்' என்று கதவைச் சாத்துகிறார்கள். கூடலூர்ப் பக்கம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற சாயங்காலங்களில் மலையில் ஒரு விளக்கு எரிகிறது. அது அவர்கள் வீட்டு விளக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். பஸ் வருகிறவரை நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.